தூஷணமும் பரிகாரமும்

ஒருவனுடைய பொருளைக் கவர்ந்தால் அவன் வருந்துவான். பின்னர் உழைத்து அதனை மறுபடியும் ஈட்டிக்கொள்வான். அவன் வழிபடும் தெய்வத்தை இகழ்ந்தாலோ, அந்த நோவு அவனோடு நில்லாது, அவன் தாய் தந்தையரையும், அவர்களுக்கு முன்னே கைகூப்பி நின்ற பரம்பரை முழுவதையும் சென்று தொடுகின்றது. ஆதலாற்றான் சமய நிந்தையைக் கேட்டவன் பெரும்பாலும் இரண்டிலொன்றைச் செய்கின்றான். கையை ஓங்குகின்றான், அல்லது தலையைக் குனிந்துகொண்டு, நாளடைவில் தன் சமயத்தின் பெயரை வெளியிற் சொல்லவுங் கூசுகின்றான். முன்னது பகையை வளர்க்கும். பின்னது தன்னையே அழிக்கும். இவ்விரண்டிற்கும் வேறாக மூன்றாவது வழியொன்று உண்டா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

விடை தேடித் தூரதேசம் போகவேண்டுவதில்லை. சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டிலே, நமது யாழ்ப்பாணத்திலே, நம் முன்னோர் இவ்வினாவுக்கு முகங்கொடுத்தனர். அவர்கள் எவ்வாறு விடையிறுத்தனர், எதிலே வென்றனர், எதிலே குறைப்பட்டனர் என்பவற்றை இளைஞராகிய நாம் அறிதல் அவசியம்.

நிந்தை வந்த வழி

யாழ்ப்பாண இராச்சியம் 1619-ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் வசமாயிற்று. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் 1621-இல் இடிக்கப்பட்டது. 1658-இல் ஒல்லாந்தர் வந்தனர். இவர்கள் காலத்தில் ஞானஸ்நானம் பெற்றவருக்கே உத்தியோகம். கோவிற்பற்றுப் பாடசாலையின் தோம்பிலே பதியப்பட்ட விவாகத்துக்கே சட்ட மதிப்பு. ஆகவே நம்மவர் பலர் தோம்பிலே கிறித்தவராகவும் வீட்டிலே சைவராகவும் வாழ்ந்தனர். அது கட்டாயத்தின் காலம். அங்கே தருக்கத்துக்கு இடமில்லை. மறைவாக விரதம் இருந்து வாழையிலையைக் கூரையிற் செருகி வைத்த கதைகளே அக்காலத்து மறுமொழியாகப் பாட்டிமார் வாயில் வழங்கின.

ஆங்கிலேயர் ஆட்சியில் அக்கட்டாயம் நீங்கிற்று. கோயில்கள் மறுபடியும் எழுந்தன. ஆனால் வேறொரு சோதனை தொடங்கியது. 1814-இல் உவெசிலியன் மிசனும், 1816-இல் அமெரிக்க மிசனும், 1818-இல் சேர்ச் மிசனும் குடாநாட்டிற் கால்கொண்டன. 1823-இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824-இல் உடுவிற் பெண்கள் விடுதிப் பாடசாலையும் நிறுவப்பெற்றன. இவை செய்த நன்மையை மறைப்பது நன்றியன்று. ஆங்கிலக் கல்வியையும் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் அவர்கள் தந்தனர். 1847-இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயிலிருந்து தமிழிலேயே மேனாட்டு வைத்தியத்தைப் போதித்தார். வின்சிலோ பாதிரியாரின் தமிழ் ஆங்கில அகராதி 1862-இல் வெளிவந்து இன்றுவரை பயன்படுகின்றது.

எனினும் பள்ளிக்கூடத்தோடு கூடவே துண்டுப்பிரசுரமும் வந்தது. சைவர் அஞ்ஞானிகள், கல்லையுஞ் செம்பையும் கும்பிடுவோர், அவர்களுடைய புராணங்கள் ஒழுக்கக்கேடான கட்டுக்கதைகள், அவர்கள் நாகரிகமில்லாத ஒரு சாதியார் என்றெல்லாம் அச்சிடப்பட்ட தாள்கள் சந்தையிலும், தேர்முட்டியிலும், பள்ளிப்பிள்ளைகளின் கையிலும் பரவின. சமயத்தை இகழ்ந்தவர் இனத்தையுஞ் சேர்த்தே இகழ்ந்தனர் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ‘அஞ்ஞானி’ என்ற சொல் நம்பிக்கையை மாத்திரம் குறித்ததன்று. அறிவில்லாதவன் என்று ஆளையே குறித்தது. வாங்கிப் படித்த சிறுவன் வீட்டுக்கு வந்து திருநீறு பூசிய தன் பாட்டனைப் பார்க்கும் பார்வை மாறியது. நிந்தையின் உண்மையான சேதம் அங்கேதான் நிகழ்ந்தது.

1829-இல் ஒரு சந்திரகிரகணம் நிகழ்ந்தபோது, நம்மூர்ப் பஞ்சாங்கக் கணிப்பிற் பிழையுண்டென்று தானியேல் பூவர் என்னும் பாதிரியார் எடுத்துக்காட்டினார். பஞ்சாங்கத்திற் பிழை இருந்தமை மெய்யே. ஆனால் கணக்குப் பிழைத்தமையாற் சமயமே பிழைத்தது என்று ஒரு முடிவு அதனோடு ஒட்டவைக்கப்பட்டது. மெய்யான ஒரு குறையைப் பொய்யான ஒரு முடிவுக்கு ஏணியாக்குவது நிந்தையின் பழைய உத்தி. அதற்கு விடை சொல்ல வேண்டியவன், குறையை ஒப்புக்கொண்டு முடிவை மறுக்கும் ஆற்றல் உடையவனாதல் வேண்டும். அந்த ஆற்றல் நம்மவருக்கு உடனே வந்துவிடவில்லை.

முதல் முயற்சிகள்

முதலில் எழுந்தவர் புலவர். உடுவில் முத்துக்குமார கவிராயர் (1780–1851) ‘ஞானக்கும்மி’, ‘யேசுமத பரிகாரம்’ என்னும் செய்யுள் நூல்களை இயற்றினார். ஆனால் அக்காலத்திற் சைவரிடம் அச்சியந்திரம் இல்லை. மிசனாரின் தாள் ஆயிரக்கணக்கிற் பரவ, நம்மவர் மறுமொழி ஏட்டுச்சுவடியிற் கிடந்தது. 1841 சனவரியில் ‘உதயதாரகை’ என்னும் பத்திரிகையையும் அமெரிக்க மிசன் சார்ந்தோர் தொடங்கினர். இந்நாட்டின் முதற் றமிழ்ப் பத்திரிகை அதுவே.

1842 செப்டெம்பரில், வண்ணார்பண்ணைச் சிவன்கோயிற் சூழலில் ஏறத்தாழ இருநூறு சைவர் கூடி, வேதாகமங்களைக் கற்பிக்கும் பாடசாலை ஒன்றும், அச்சியந்திரம் ஒன்றும் வேண்டுமென்று ஆலோசித்தனர். இக்கூட்டத்தை வரலாற்றாசிரியர் பலர் ஒரு வரியிற் கடந்து செல்வர். நாம் அப்படிச் செய்யலாகாது. கோபத்தோடு கூடிய இருநூறு பேர் ஊர்வலம் போகவும் முடியும். ஒரு பிரசங்கியாரின் வண்டியை மறிக்கவும் முடியும். இவர்களோ, எமக்குப் பள்ளிக்கூடம் இல்லை, எமக்கு அச்சுக்கூடம் இல்லை என்று தங்கள் குறையைக் கணக்கெடுத்தனர். அந்த எண்ணம் நிலையான உருப்பெற ஆறாண்டு சென்றது. அதற்குரியவர் அப்போது உவெசிலியன் பாடசாலையில் இருந்தார்.

பாதிரியாரின் மாணவர்

நல்லூர்க் கந்தப்பிள்ளையின் புதல்வர் ஆறுமுகம், 1822 டிசெம்பர் 18-இற் பிறந்தவர். தமிழையும் வடமொழியையும் நம்மூர் வித்துவான்களிடத்தும், ஆங்கிலத்தை உவெசிலியன் பாடசாலையிலும் கற்றார். அப்பாடசாலையின் அதிபர் பீற்றர் பேர்சிவல் பாதிரியார் அவரை அங்கேயே ஆசிரியராக்கினார். விவிலிய நூலைத் தமிழாக்கும் பணியிலும் துணையாகக் கொண்டார். அம்மொழிபெயர்ப்பு 1850-இல் வெளிவந்தது.

இளைஞர் பலர் இதனைக் கேட்டு வியப்பர். சைவத்தின் காவலர் கிறித்தவ வேதத்தை மொழிபெயர்க்க உதவினாரா? ஆம், உதவினார். அது அவருக்கு இழுக்கன்று. தாம் நம்பாத நூலொன்றை ஆண்டுக்கணக்காகச் சொல் சொல்லாகப் படித்து, அதன் கருத்து வழுவாமல் நல்ல தமிழிலே தருவதற்குத் துணைநின்றார். பிற்காலத்தில் அவர் எழுதிய மறுமொழிகளின் வலிமை முழுவதும் இங்கேதான் பிறந்தது. பிறர் சமயத்தைப் படியாமல் இகழ்ந்தவருக்கு, பிறர் சமயத்தைப் படித்தவர் விடை சொன்னார். பேர்சிவலுக்கும் அவருக்கும் இருந்த மரியாதை, அவர் வேலையை விட்ட பின்பும் கெடவில்லை என்பர். கருத்தை எதிர்த்தலும் ஆளைப் பகைத்தலும் ஒன்றல்ல என்பதற்கு இது நல்ல சான்று.

வெள்ளிக்கிழமைப் பிரசங்கம்

1847 டிசெம்பர் 31, வெள்ளிக்கிழமை. வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே ஆறுமுகனார் தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார். அதன்பின் வெள்ளிதோறும் அது தொடர்ந்தது. வண்ணார்பண்ணைக் கார்த்திகேய ஐயர் அவருக்குத் துணையானார்.

அவர் பாதிரிமாரின் வாசலிலே போய் நின்று கண்டனம் செய்யவில்லை என்பதை நோக்குக. தம்முடைய கோயிலிலே, தம்முடைய சனங்களுக்கு, தம்முடைய சமயத்தை எடுத்துரைத்தார். கடவுள் இயல்பு யாது, உயிர் யாது, திருநீறு எதைக் குறிக்கின்றது, விக்கிரகத்திலே நாம் வணங்குவது யாரை என்பவற்றைப் பாமரரும் விளங்கச் சொன்னார். பிரசங்கம் என்ற முறையே மிசனாரிடம் கண்டது. எதிர்த்து நின்றவரிடமிருந்து நல்ல முறையைக் கற்றுக்கொள்ள அவர் நாணவில்லை.

இதன் காரணம் ஆழமானது. நிந்தை பலிப்பதற்கு இகழ்பவன் மாத்திரம் போதாது. இகழப்படுபவனிடத்தில் அறியாமையும் இருத்தல் வேண்டும். தன் சமயத்தை அறிந்தவனை ‘நீ கல்லைக் கும்பிடுகின்றாய்’ என்று சொன்னால், அவன் புன்முறுவலோடு விளக்குவான். அறியாதவனைச் சொன்னால், அவன் கோபிப்பான் அல்லது குன்றிப்போவான். கோபமும் குன்றலும் அறியாமையாகிய ஒரே வேரிற் கிளைத்தவை. ஆகவே பரிகாரம் அந்த வேரிலே தொடங்கிற்று.

1848-இல் அவர் பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையை விட்டு விலகினார். அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கிற்று. 1849-இல் சதாசிவப்பிள்ளையோடு இந்தியாவுக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கினார். அப்பயணத்தின்போதே திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு ‘நாவலர்’ என்னும் பட்டத்தை அளித்தது. வண்ணார்பண்ணையில் நிறுவிய வித்தியாநுபாலன யந்திரசாலையிலிருந்து பாலபாடமும், நன்னூல் விருத்தியுரையும், 1852-இற் பெரியபுராண வசனமும் வெளிவந்தன. செய்யுளிலே கிடந்த அடியார் சரிதத்தை வசனநடையிலே பெண்களும் சிறுவரும் வாசிக்கலாயினர். ஒரு தூஷணத் தாளுக்கு எதிராக ஒரு கண்டனத் தாள் என்றிருந்தால் அது அன்றோடு தீர்ந்திருக்கும். பாலபாடமோ தலைமுறைகளைக் கடந்து நின்றது.

சைவதூஷணபரிகாரம்

ஆயினும் நேரான மறுமொழியும் வேண்டியிருந்தது. அதனை 1854-இற் ‘சைவதூஷணபரிகாரம்’ என்னும் நூலிலே நாவலர் செய்தார். பெயரிலேயே அதன் நோக்கம் தெரிகின்றது. தூஷணத்துக்குத் தூஷணம் என்று அவர் பெயரிட்டாரல்லர். தூஷணத்துக்குப் பரிகாரம் என்றார். பரிகாரம் என்பது நோய்க்குச் செய்யும் மருந்து.

அதன் முறையை அறிதல் நமக்குப் பயன்தரும். சைவத்தின் மேற் சொல்லப்பட்ட குற்றங்களை ஒவ்வொன்றாக அவர் எடுத்துக்கொள்ளுகின்றார். பின், அக்குற்றத்துக்கு ஒப்பானது குற்றஞ் சொல்வோரின் வேதத்திலேயே விதிக்கப்பட்டிருத்தலைக் காட்டுகின்றார். திருக்கோயில் வேண்டாம் என்பீராயின், எருசலேமிலே ஆலயம் கட்டப்பட்டது எதற்கு? உருவம் தகாதென்பீராயின், உடன்படிக்கைப் பெட்டியின் மேலே பொன்னாற் செய்த கேருபீன்களை வைக்கக் கட்டளையானது எதற்கு? தீபமும் தூபமும் நைவேத்தியமும் வீண் என்பீராயின், அக்கூடாரத்திலே குத்துவிளக்கும் தூபபீடமும் சமுகத்து அப்பங்களும் ஏன்? நீராடுதல் புறச்சடங்கென்பீராயின், ஆசாரியர் கைகால் கழுவத் தொட்டி வைத்ததும், சாம்பல் கலந்த நீராற் சுத்திகரித்ததும் யாவை? விழாக்கள் வீண் என்பீராயின், பஸ்கா முதலிய பண்டிகைகள் எப்படி வந்தன?

இவ்வாறு வினாவுவதன் கருத்து, நீங்களும் எங்களைப்போலப் பிழை செய்கின்றீர்கள் என்பதன்று. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கண்ணுக்குத் தெரியும் ஒன்றின் வழியாக அணுகுதல் மனிதரின் பொதுவியல்பு. உங்கள் முன்னோருக்கு அது பக்தியாயின், எங்கள் முன்னோருக்கும் அது பக்தியே என்பதாம். ஒரே அளவுகோலால் இருவரையும் அளக்குமாறு கேட்டார். நீதி கேட்பவனுக்கு இதைவிட வலிய ஆயுதம் இல்லை.

இந்நூல் வெளிவந்தபின் உவெசிலியன் மிசனைச் சேர்ந்தவர்களே, எழுதியவர் விவிலிய நூலை வியக்கத்தக்க அளவு அறிந்திருக்கின்றார் என்றும், அதனாற் சைவத்துக்குச் சார்பாகப் பெரும் விளைவு உண்டானதென்றும் தங்கள் அறிக்கையிலே குறித்தனர். எதிர்த்தரப்பார் மறைக்க முடியாமற் கொடுத்த இப்பாராட்டு, ஆயிரம் கல்லெறிகளாற் கிடைத்திராது.

உண்மையைச் சொல்வதானால், அக்காலக் கண்டன நூல்கள் யாவும் இந்த நிலையில் நின்றன என்று கூறமுடியாது. இரு தரப்பிலும் கூரிய சொற்களும் ஏளனமும் மலிந்தன. நாவலருடைய பேனாவும் சிலவிடங்களிற் சுடுகின்றது. அவற்றிற் காரமாகச் சொல்லப்பட்டவை அந்தத் தலைமுறையோடு மறைந்தன. காரணத்தோடு சொல்லப்பட்டவையே நின்றன. இன்று அந்நூல்களைப் படிக்கும் இளைஞர் காரணத்தை எடுத்துக்கொண்டு காரத்தை விட்டுவிடலாம்.

தன் வீட்டைப் பெருக்கல்

நாவலரின் மறுமொழியில் மிகக் கடினமான பகுதி இனிமேல் வருவது. அவர் பாதிரிமாரைக் கண்டித்த அதே கையாற் சைவரையும் கண்டித்தார். கோயில்களில் உயிர்ப்பலியிடுதலையும், உற்சவங்களிற் பொதுமகளிர் ஆட்டம் வைத்தலையும், ஆகமம் கல்லாதார் பூசை செய்தலையும், கோயிற் பொருளுக்குக் கணக்குக் காட்டாத அதிகாரிகளையும் வெளிப்படையாகக் கண்டித்தார். ‘யாழ்ப்பாணச் சமயநிலை’, ‘நல்லூர்க் கந்தசுவாமி கோயில்’ என்னும் அவருடைய பிரசுரங்கள் சைவருக்கு எழுதப்பட்டவை. இதனால் அவருக்கு நம்மவருள்ளேயே பகைவர் பெருகினர்.

மாற்றார் பார்க்கும்போது நம் குறையை நாமே பேசலாமா என்று அன்றும் சிலர் கேட்டனர், இன்றுங் கேட்கின்றனர். பேசலாம், பேசவேண்டும். நிந்தையில் ஒரு பகுதி பொய். அதை மறுக்க வேண்டும். ஒரு பகுதி வெறும் வசை. அதைப் பொறுக்கவோ புறக்கணிக்கவோ வேண்டும். ஒரு பகுதி மெய்யாகவும் இருக்கலாம். அதைத் திருத்த வேண்டும். இம்மூன்றையும் ஒன்றாகக் கட்டி, இகழ்ந்தாரே இகழ்ந்தாரே என்று கூவுபவன் சமயத்தைக் காப்பவனல்லன். சமயத்தின் நோயைக் காப்பவன்.

வாதத்துக்கு அப்பாலும் ஒரு விடையை நாவலர் சொன்னார். 1876-ஐ அடுத்த ஆண்டுகளிலே பஞ்சமும் கொள்ளைநோயும் யாழ்ப்பாணத்தை வாட்டியபோது, வீடுவீடாகச் சென்று அரிசியும் பொருளும் இரந்து கஞ்சித்தொட்டி நடத்தினார். அஞ்ஞானிகளுக்கு இரக்கமில்லை என்று சொல்லியிருந்தவர்களுக்கு அந்தக் கஞ்சி சொன்ன விடையை எந்த நூலும் சொல்லியிராது. 1879 டிசெம்பர் 5-இல் அவர் சிவபதமடைந்தார்.

அவர் விட்ட குறை

பெரியோரைப் போற்றுதல் என்பது அவர் காலத்தின் எல்லையைக் காணாதிருத்தல் அன்று. சாதியொழுங்கை நாவலர் ஏற்றுக்கொண்டவர். அதனைத் தம் நூல்களிலும் வற்புறுத்தினார். மிசனார் நம்மீது சொன்ன குற்றங்களில் மிகவும் மெய்யானது இதுவே. தங்கள் பாடசாலைகளிலும் சாதி வேறுபாடு முற்றாக ஒழியாதிருந்தும், நாம் வாசலில் நிறுத்திய பிள்ளைகள் பலருக்கு எழுத்தறிவித்தவர்கள் அவர்கள். இந்தக் குற்றச்சாட்டுக்கு விவிலியத்திலிருந்து எதிர்வினா எழுப்பிப் பயனில்லை. கதவைத் திறப்பதே அதற்குரிய ஒரே விடை.

அவ்விடையைச் சொல்ல நமக்கு நீண்ட காலம் சென்றது. 1924-இல் எழுந்த யாழ்ப்பாண வாலிபர் இயக்கத்தார் தீண்டாமையைக் கண்டித்தனர். 1950-களின் நடுப்பகுதியிலே கோயில்கள் சில எல்லாருக்கும் திறக்கப்பட்டன. 1957-இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிற்று. அப்படியிருந்தும் 1968-இல் மாவிட்டபுரத்தில் அடியார் சிலர் உள்ளே போகக் கோரி வாசலில் நிற்கவேண்டியிருந்தது. நம் சமயத்தை அந்நியர் இகழ்ந்தனர் என்று நாம் வருந்தும்போது, நம் சமயத்தாரே நம் சமயத்தாரை இகழ்ந்த வரலாறும் நம் முன்னே நிற்கின்றது. கோயில் வாசலிலே தடுக்கப்பட்ட ஒருவனுக்கு, எந்தத் துண்டுப்பிரசுரத்திலும் பெரிய நிந்தை அது அன்றோ?

தெற்கிலே நடந்தவை

இதே சோதனை நம் நாட்டுப் பௌத்தருக்கும் நேர்ந்தது. 1873 ஓகஸ்ட் 26-ஆம், 28-ஆம் திகதிகளிற் பாணந்துறையிலே மிகெட்டுவத்தே குணானந்த தேரர் கிறித்தவப் பிரசங்கிமாரோடு பெருவாதம் செய்தார். ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்து இரு தரப்பாரையும் கேட்டனர். அவ்வாதம் ஆங்கிலத்தில் அச்சாகிக் கடல் கடந்தது. அதனாற் கவரப்பட்ட ஒல்கொற்று துரை 1880-இல் இலங்கைக்கு வந்தார். பௌத்த பாடசாலைகள் எழுந்தன. இங்கும் வாதத்தின் பயன் பள்ளிக்கூடமாகவே பழுத்ததைக் காண்க.

இதற்கு மாறான ஒரு காட்சியும் உண்டு. 1883 மார்ச் 25, உயிர்த்தெழுந்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனையிலே பௌத்த ஊர்வலமொன்று சென்றபோது கத்தோலிக்கருக்கும் பௌத்தருக்கும் கலகம் மூண்டது, உயிர்ச்சேதமும் உண்டாயிற்று. ஒரே கடவுட் பயம், ஒரே தெரு, ஒரே சந்தைக் கிணறு என்று வாழ்ந்தவர்கள் தடியெடுத்து நின்றனர். அக்கலகத்தால் எந்தச் சமயத்தின் மேன்மையும் நிலைநாட்டப்படவில்லை. அதன்பின் முறையாக விண்ணப்பம் செய்து, தூதுபோய்ப் பேசியதன் பயனாகவே 1885-இல் வெசாக் நாள் விடுமுறையாயிற்று. தடி சாதியாததைத் தாள் சாதித்தது.

இகழ வந்து கற்றவர்

மறுமொழி சொல்பவன் தன்னெதிரே நிற்பவன் என்றும் மாறமாட்டான் என்று எண்ணலாகாது. வட்டுக்கோட்டைச் செமினரியின் அதிபராயிருந்த கொய்சிங்றன் என்னும் அமெரிக்கப் பாதிரியார், நம் சமயத்தை மறுக்கும் நோக்கத்தோடு வந்தவர். மறுப்பதற்காகக் கற்கத் தொடங்கியவர், சிவஞானபோதம், சிவப்பிரகாசம், தத்துவக்கட்டளை ஆகிய மூன்றையும் ஆங்கிலத்திலே பெயர்த்தார். அவை அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் சஞ்சிகையிலே 1854-இல் வெளிவந்தன. யாழ்ப்பாணத்திற் சைவதூஷணபரிகாரம் வெளிவந்த அதே ஆண்டு! அவர் தம் சமயத்தை விட்டவரல்லர். எனினும் சைவசித்தாந்தம் என்றொரு ஆழ்ந்த தத்துவம் உண்டென்பதை மேனாட்டார்க்கு அறிவித்தவருள் அவர் முன்னோடி. ஜி. யு. போப்பையரும் அவ்வாறே கிறித்தவராயிருந்துகொண்டே, தமது எண்பதாம் வயதிலே, 1900-இல் திருவாசகத்தை ஆங்கிலத்திலே தந்தார்.

நம்மிடையிலும் அத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. கிறித்தவச் சூழலிற் பிறந்து வட்டுக்கோட்டையிற் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) சைவரானார். ‘சைவ மகத்துவம்’ எழுதினார். பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். அவர் கற்ற கல்வி மிசனார் தந்தது. அதைத் தமிழுக்கே அவர் திருப்பிக் கொடுத்தார்.

நாவலருக்குப் பின் 1888-இற் சைவபரிபாலன சபை தோன்றிற்று. 1889-இல் ‘இந்துசாதனம்’ பத்திரிகை வந்தது. 1890-இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி சபையின் கையில் வளர்ந்தது. 1913-இல் சேர். பொன். இராமநாதன் பெண்களுக்கென மருதனார்மடத்திற் கல்லூரி அமைத்தார். 1923-இற் சைவ வித்தியா விருத்திச் சங்கம் எழுந்து, இராசரத்தினம் அவர்களின் அயராத உழைப்பாற் கிராமந்தோறும் பாடசாலைகள் கண்டது. 1842-இல் வண்ணார்பண்ணையிற் கூடிய அந்த இருநூறு பேரின் எண்ணம் இவ்வாறு ஒரு நூற்றாண்டு நடந்தது.

நாம் செய்யத்தக்கது

அன்று துண்டுத்தாளில் வந்த நிந்தை இன்று கைத்தொலைபேசியில் வருகின்றது. வேலைத்தலத்திலே வேடிக்கைபோல வருகின்றது. பிறநாட்டில் வாழும் நம் பிள்ளைகளிடம் நெற்றியிலே என்ன அழுக்கு என்ற வினாவாக வருகின்றது. வழி மாறினும் தன்மை மாறவில்லை. ஆகவே பரிகாரமும் மாறவில்லை.

முதலாவது, கேட்பவனின் நோக்கத்தை அறிதல் வேண்டும். அறியாது கேட்பவன் வேறு. நோவச் செய்யக் கேட்பவன் வேறு. கல்லைக் கும்பிடுகின்றீர்களா என்று ஒரு நண்பன் கேட்டால், அதனை நிந்தையாகக் கொள்ளாமல் வினாவாகவே கொள்ளுக. “கல்லே கடவுள் என்று நாங்கள் சொல்வதில்லை. பசுவின் உடம்பெங்கும் உள்ள பால் மடியிலே சுரப்பதுபோல, எங்கும் நிறைந்தவரை இந்த இடத்திலே நினைந்து வணங்குகின்றோம்” என்று நம் அறநெறிப் பாடசாலைப் பிள்ளை ஒவ்வொன்றும் சொல்லப் பழகவேண்டும். இப்படிச் சொல்ல ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம் போதும்; அதைக் கற்பிக்க நமக்கு ஓராண்டு வேண்டும்.

இரண்டாவது, நிந்திக்கப்பட்டவன் நிந்தியாதிருத்தல் வேண்டும். ஒருவன் நம் தெய்வத்தை இகழ்ந்தான் என்று அவன் தெய்வத்தை நாம் இகழ்ந்தால், அந்த நிந்தை அவனைச் சேராது. அத்தெய்வத்தை வணங்கும், நமக்கு ஒரு தீங்கும் செய்யாத அயலவரையே சேரும். ஒருவன் சொல்லுக்காக ஒரு சமயத்தாரை முழுதும் வைவது, அன்று நம்மை ‘அஞ்ஞானிகள்’ என்று ஒரே பெயராற் சுட்டியவர்களின் பிழையை நாமும் செய்வதேயாம்.

மூன்றாவது, எல்லை கடந்து, வன்முறைக்குத் தூண்டும் அளவுக்கு நிந்தை வருமாயின், சட்டம் உண்டு. தண்டனைச் சட்டக்கோவையின் 290 முதல் 292 வரையான பிரிவுகள் வழிபாட்டிடங்களையும் சமய உணர்வுகளையும் காப்பவை. 2007-ஆம் ஆண்டின் 56-ஆம் இலக்கச் சட்டமும் இன, மதப் பகையைத் தூண்டுதலைத் தடுக்கின்றது. ஆனால் சட்டம் இருபுறமும் கூருள்ள கத்தி. 2019-இல் ஒரு சிறுகதை எழுதியதற்காக எழுத்தாளர் ஒருவர் இச்சட்டத்தின் கீழ் மாதக்கணக்கில் மறியலில் வைக்கப்பட்டதையும் இந்நாடு கண்டது. மனம் நொந்தது என்பதற்காக மாத்திரம் பொலிசாரிடம் ஓடுபவன், நாளை தன் வாயையும் கட்டும் கயிற்றைத் தானே திரிக்கின்றான். உயிருக்கும் ஆலயத்துக்கும் ஊறு வரும்போது சட்டத்தை நாடுக. கருத்துக்குக் கருத்தையே நாடுக.

நான்காவது, குற்றச்சாட்டிலே மெய்யிருந்தால் அதைக் கேட்டுத் திருந்துதல். நம் கோயிற் கணக்கு ஒழுங்காக உள்ளதா? வாசலுக்கு வரும் எவரும் ஒரே மரியாதையோடு உள்ளே போகின்றனரா? பெண்பிள்ளைகள் நம் சங்கத்திற் பேச இடமுண்டா? இவற்றுக்கு நாம் சொல்லும் விடை, அயலார் நம்மை மதிப்பதா இகழ்வதா என்பதைப் பாதியளவேனும் முடிவுசெய்யும்.

பெரியோர்களே, உங்கள் பிள்ளைகள் நிந்தையைக் கேட்டு வீட்டுக்கு வந்து சொல்லும்போது, அதைச் சொன்னவனை ஏசி முடித்துவிடாதீர்கள். பிள்ளையை அருகிருத்தி, அவன் கேட்ட வினாவுக்கு விடை சொல்லுங்கள். தெரியாதாயின், சேர்ந்து படியுங்கள்.

இளைஞர்களே, உங்கள் கோபம் தவறன்று. அது அன்பிலிருந்து பிறந்தது. ஆனால் அதனை எங்கே செலவிடுவது என்பதை நல்லூர் ஆறுமுகனாரிடம் கற்றுக்கொள்ளுங்கள். அவர் தம் கோபத்தை வெள்ளிதோறும் ஒரு பிரசங்கமாகவும், ஒரு பள்ளிக்கூடமாகவும், ஓர் அச்சியந்திரமாகவும், பஞ்சகாலத்தில் ஒரு கஞ்சித்தொட்டியாகவும் செலவிட்டார். இவ்வாண்டு நம் சங்கத்தவர் ஒவ்வொருவரும் ஒரு பிள்ளைக்கேனும் நம் சமயத்தின் பொருளை விளங்கச் சொல்லிக்கொடுப்பாராயின், நாவலர் தொடங்கிய வேலையின் ஒரு பகுதி நம் கையிலும் நடைபெறும்.